மணி சார் ருசி பார்க்காத ஷூமாய்

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது. கிழக்கேகோட்டை மணி சார் தூக்கத்திலேயே போய்விட்டார். அவரோடு ஒரே பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். நீங்கள் அறிந்த மணி சார், பூண்டுகூடச் சேர்க்காத அக்ரஹாரத்து மனிதர். நான் அறிந்தவர், இரண்டாம் சனிக்கிழமைகளில் நெய்யாற்றின்கரையில் என் வீட்டுக்கு வந்து பன்றியிறைச்சி பிசைந்தவர். இனி யாருக்காக மறைக்க வேண்டும்?

ஜப்பான்காரப் பெண்ணைக் கட்டிய ஒரே மகன் சுரேஷிடம் "இந்தப் படி ஏறாதே" என்று சொன்னவர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு மனசு இளகியது. மருமகளுக்குப் பிடித்தது ஷூமாய் என்ற பன்றியிறைச்சிக் கொழுக்கட்டை என்று தன் அக்கா மகள் சொல்லித் தெரிந்துகொண்டார். "லீலா, அவ வந்தா என் கையால பண்ணிப் போடணும். உங்காத்துல வெச்சுக் கத்துக்கலாமோ?" என்றார். ஷூமாய் எனக்கு மட்டும் தெரியுமா என்ன? வீடியோ பார்த்து இருவரும் தடுமாறினோம்.

மனைவி போன பிறகு கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை அவருக்கு. மைதாச் சொப்பில் இறைச்சியை வைத்ததும் உச்சியைக் கூட்டி மூடிவிடுவார். ஷூமாயை மூடக்கூடாது, மேலே இறைச்சி தெரிய, அதில் ஒரு பச்சைப் பட்டாணியைப் பதிக்க வேண்டும். "இந்தக் கைக்குச் சொன்னாப் புரியல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

இட்லிப் பானையில் வெந்ததும் தட்டை என் பக்கம் நகர்த்துவார். "உப்பு மதியா, பாத்துச் சொல்லு." நான் போதும் என்றால் போதும். ஒரு தடவைகூட அவர் வாயில் வைத்ததில்லை. பிறகு எங்கள் கிணற்றடியில் குளித்து, வேட்டி மாற்றிப் பஸ் ஏறுவார். தெருவில் தெரிந்துவிடும் என்று போட்டோ எடுக்க விடமாட்டார்.

"சுரேஷைக் கூப்பிடுங்க சார்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "இன்னும் மடிப்பு சரியா வரல்லை. வரட்டும், கூப்பிடறேன்" என்பார். மடிப்பு எப்போதோ சரியாகிவிட்டது. இரண்டு வருடம் மாவு தேய்த்த மனிதர் ஒரு போன் செய்யவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. நானாவது கூப்பிட்டிருக்கலாம்.

பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குப் போனேன். சுரேஷ் மனைவியை ஓட்டலில் விட்டுவிட்டு வந்திருந்தான். "அப்பாவுக்குப் பிடிக்காதே" என்றான். ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டான். "எங்கப்பாவா? என் சமாதானத்துக்காக இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம், சேச்சி" என்றான்.

மறுநாள் இருவரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

அவர் வாங்கித் தந்த இட்லித் தட்டுகள் என் அடுக்களையில் இருக்கின்றன. அவற்றில் நான் இட்லி ஊற்றுவதில்லை. அவர் செய்ததற்குச் சாட்சி என் நாக்கு ஒன்றுதான். அதை அவர் பிள்ளையே நம்பவில்லை.