லைனுக்குப் போனவரின் ஓட்டு

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 1ஏ: வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தைவிட்டு ஒருவர் தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும், அவர் அங்கே குடியிருப்பவர் அல்லாதவராகிவிட மாட்டார். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கோப்பில் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தெளிவான விதிகள் குறைவு. அதனால்தான் யாரும் அதைப் படிப்பதில்லை போலிருக்கிறது.

நான் பிறந்தது பெங்களூரில், வேலை பார்த்தது நாக்பூரில். தமிழ் வீட்டில் கற்றது. தமிழ்நாட்டுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்துபோனதோடு சரி. ஓய்வு பெற்ற மாதமே, பள்ளிபாளையத்தில் பிறந்த என் மனைவி, "இத்தனை வருசம் உங்க வேலை இருந்த ஊரு, இனி எங்க பக்கம்" என்றாள். மறுத்துப் பேச என்னிடம் விதி எதுவும் இல்லை. திருச்செங்கோட்டில் வீடு பார்த்துக் குடிவந்தோம்.

அறுபதுக்கு மேல் ஒரு மாநிலத்தில் முதலிலிருந்து தொடங்குவதென்றால், நாம் நாம்தான் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் நிரூபிக்க வேண்டும். கேஸ், ஆதார், ஓய்வூதியம் வரும் வங்கிக் கிளை எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசியாக வாக்காளர் பட்டியல். இருவருக்கும் முகவரி மாற்றத்துக்கான படிவம் எட்டு கொடுத்த அன்றே, என் பெயரை நீக்கிவிடும்படி நாக்பூருக்கும் தனியாக எழுதினேன். யாரும் கேட்காத காரியம் அது. ஒருவன் பெயர் இரண்டு பட்டியலில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்ற ஒழுங்கு. சேர்ப்பதில் இல்லாத சுறுசுறுப்பு நீக்குவதில் எப்போதும் உண்டு. உடனே நீக்கிவிட்டார்கள்.

இங்கே மனைவியின் பெயர் ஏறியது. என்னுடைய மனு நிராகரிக்கப்பட்டது. காரணம்: "மனுதாரர் வெளிமாநிலத்தில் லாரி ஓட்டி வருவதாகவும், திரும்பும் நாள் தெரியாது எனவும் அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர். எனவே வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லர்."

எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது.

ஆக, இந்தியாவில் எந்தப் பட்டியலிலும் நான் இல்லை. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இருபத்தொரு வயதில் போட்ட முதல் ஓட்டிலிருந்து ஒரு தேர்தலையும் நான் விட்டதில்லை. வாக்குச்சாவடிப் பணியில் உட்கார்ந்து மற்றவர்கள் விரலில் மை வைத்தவன்.

எதிர்வீட்டம்மாவிடம் விசாரித்தேன். அவர் கணவர் சொந்த லாரியில் ஆந்திரா, ஒடிசா என்று தூரத்து லோடு எடுப்பவர். லைனுக்குப் போவது என்று இங்கே சொல்வார்கள். போனால் இருபது நாள். தெருவில் மற்ற வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான். லாரி இல்லாவிட்டால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நாங்கள் சேலம் போயிருந்த அன்று, கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக ஒரு புது ஆள் வந்து, என் முழுப் பெயரையும் படித்து, இவர் இருக்கிறாரா என்று கேட்டாராம். நான் லாரி ஓட்டுவதாக ஏன் சொன்னீர்கள் என்றேன். அந்தம்மா தயங்காமல் சொன்னார்.

"ஏனுங்கய்யா, ஃபைல வெச்சுக்கிட்டு முழுப் பேரச் சொல்லிக் கேட்டா அது சம்மனுங்க. வெளி ஸ்டேட்டுல எங்கியோ வண்டி உரசியிருக்கும். ஆரு ஊட்டுல வந்து கேட்டாலும் லைனுக்குப் போயிருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியாதுன்னுதான் இந்தத் தெருவுல சொல்லுவோம். உங்கள மட்டும் காட்டிக் குடுப்பனுங்களா?"

என் மனைவியைப் பற்றி அந்த ஆள் கேட்டபோது மட்டும், கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். சம்மன் பெண்களுக்கு வராது என்பது தெருவின் அனுபவம். குடிவந்து ஏழு மாதமாகியும் என்னை நாக்பூர்க்காரர் என்றே சொல்லிவந்த தெரு, முதல் தடவையாக எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தது. சண்டை போடத்தான் போனேன். காபி குடித்துவிட்டு வந்தேன்.

தாலுகா அலுவலகத்தில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். எதிர்வீட்டுப் பெண் தவறான தகவல் கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வந்தால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று வெள்ளைத்தாளை நீட்டினார். அதை அவர் பக்கமே தள்ளினேன்.

இப்படி இரண்டு வரி எழுதி வாங்குவது எதற்கென்று எனக்குத் தெரியும். நானே வாங்கியிருக்கிறேன். தவறு அலுவலகத்தைவிட்டு வெளியே போய், யாரோ ஒருவர் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். அதோடு, நான் லாரி ஓட்டவில்லை என்று சொல்லித் தப்பித்தால், ஓட்டுகிறவனை நீக்கியது சரி என்றாகிவிடும். என் தெருவில் பாதி ஆண்கள் அந்த நேரத்தில் நிஜமாகவே லாரியில் இருந்தார்கள்.

மேல்முறையீடு செய்தேன். கெடு பதினைந்து நாள். நான்காம் நாளே இரண்டு பக்கம் எழுதி மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினேன். மனைவி வாங்கிப் படித்தாள். பல் பிடுங்கியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றாள். வழக்குக்கு அது தேவையில்லை என்றேன்.

"டாக்டர் சீட்டை வெச்சா முடிஞ்சுது. உங்களுக்கு ஓட்டு வேணுமா, ஜெயிக்கணுமா?"

இரண்டும் வேண்டும் என்றேன்.

விசாரணைக்கு நாமக்கல் போனபோது எதிர்வீட்டம்மாவும் கூடவே பஸ் ஏறினார். அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். விசாரித்த அதிகாரி என் இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, நீங்கள் லாரிக்குப் போனீர்களா, இல்லையா என்று கேட்டார்.

"போகவில்லை. போயிருந்தாலும் அந்த உத்தரவு தவறுதான்."

"இவரு லாரி ஏறுனா முதல் டோல்கேட்டுலயே ரசீதுல தப்புக் கண்டுபுடிச்சு வண்டிய நிறுத்தீருவாருங்க சாமி" என்றார் பின்னாலிருந்து எதிர்வீட்டம்மா. அதிகாரி ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அந்தம்மா நிறுத்தவில்லை. "அன்னைக்கு நாந்தானுங்க சொன்னேன். ஆனா லைனுக்குப் போறவங்களுக்கு இது ஊரு இல்லீன்னா, வேற எது ஊருங்க?"

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். என் உட்பிரிவு எண்ணையா, அந்த வாக்கியத்தையா என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் எனக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

அதன்பின் பதில் இல்லை. சுவர்களுக்கு வெள்ளையடித்துச் சின்னம் எழுத இடம் பிடித்தார்கள். கட்சிக்காரர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வாசலாக வந்தார்கள். மனைவியைக் கும்பிட்டார்கள், என்னிடம் தண்ணீர் கேட்டார்கள். ஒரு நினைவூட்டு, இன்னொரு நினைவூட்டு. மூன்றாவதில் வணக்கம், பொருள், பார்வை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பெயர் சேர்க்க மிச்சமிருக்கும் நாட்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால், எழுதியவனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன்.

பழுப்பு உறையில் ஒற்றைத் தாள் வந்தது. நிராகரிப்பு ரத்து. தொழில் நிமித்தம் வெளிமாநிலம் சென்றிருப்பது பெயரை மறுக்கக் காரணமாகாது. மனுதாரரின் பெயர் சேர்க்கப்பட்டது. கீழே பாகம் எண், வரிசை எண். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாரி ஓட்டுபவர் என்பதையும் யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தச் சொல்லிக் கேட்கப்போவதில்லை.

அன்று மாசி இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. பெயர் சேர்க்க இன்னும் நாள் மிச்சமிருந்தது.