திறந்து கிடந்த கோழிக்கூண்டு

காரமடைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், விடிந்ததும் கோழிக்கூண்டின் கதவு திறந்து கிடக்கும். மாலையில் கொண்டியைப் போடுபவன் நான்தான். இழுத்தும் பார்ப்பேன். நாயோ கீரியோ வந்திருந்தால் நாலு இறகாவது சிதறியிருக்க வேண்டும். ஐந்து கோழிகளும் வாசலைப் பார்த்தபடி உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளின் நடுவில் கடல் கடந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே ஊரிலிருக்கும் உங்களுக்குக் கோழிக்கூடு என்றால், வீட்டு வளவின் மூலையில் பனஞ்சலாகை நட்டு அசையாமல் நிற்பது. இங்கே வாடகைக்காரன் அடுத்தவர் நிலத்தில் கம்பு நட முடியுமா? வீட்டுக்கார அம்மா பொன்னம்மாள்தான் வழி சொன்னார். "குழி மட்டும் தோண்டிராதீங்க. ஆட்டுப்பட்டியாட்டம் தெனமும் நகத்தி நகத்தி வெய்யுங்க. எங்க காட்டுக்கும் எருவாச்சுங்க." இவர்கள் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள் என்பது புரியாமல், வந்த புதிதில் நான் புலிக்குப் பயந்த கதை தனி. ஆட்டுக்காரர்கள் படல்களைப் பெயர்த்துப் பெயர்த்து நட்டு, நிலம் முழுக்கப் பட்டி போடுவதைப் பார்த்தேன். தக்காளிப் பெட்டிப் பலகை, கம்பி வலை, பழைய தகரம் என்று கிடைத்ததை வைத்து அடியில்லாத கூண்டு ஒன்று அடித்தேன். இரு பக்கமும் கைப்பிடி. நானும் மனைவி யோகமும் தினமும் தூக்கி, ஒரு கூண்டளவு தள்ளி வைப்போம். வீட்டைக் காலிசெய்யச் சொன்னாலும் கையோடு எடுத்துப் போகலாம் என்பது என் எண்ணம்.

பத்து நாள் பார்த்துவிட்டு யோகம் சொன்னாள்: "ஆரோ எங்களைக் கிளப்பப் பாக்கினம். இது அஞ்சாவது வீடு. இனி மாற எனக்கு ஏலாது." அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். எந்த ஊர் என்று கேட்டு, சொன்னதும் வீடு இல்லை என்றவர்களே அதிகம். இதையும் விட்டால் பிள்ளையை எங்கே பெறுவது என்று எனக்கும் பயமாக இருந்தது. மறுநாள் விடிகாலை, கதவு திறந்து கிடந்ததைக் கண்டதும் நேரே பொன்னம்மாளிடம் போனேன்.

"அம்மா, எங்கட கூண்டை ஆர் திறக்கினம் எண்டு கண்டனீங்களோ?"

சாணி தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே தொறக்கறீங்க? நான் வாசத் தெளிக்க எந்திரிக்கையில தெனமும் பாக்கறனே. கொண்டிய எடுத்துப்போட்டு ஒதுங்கி நிக்கறீங்க. கூப்புட்டாலும் திரும்பறதில்லீங்க. உங்கூருச் சாங்கியமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேனுங்க. சாமி காரியத்துல எதுக்கு வாய் குடுக்கறதுன்னு உட்டுட்டேன்."

செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளங்காலில் கோழி எரு அப்பியிருந்தது.

ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று, பின்னேரம் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் கோழிக்கூட்டை இறுக்கிப் பூட்டியவன் நான். பன்னிரண்டு கோழிகள். நாங்கள் திரும்பவே இல்லை. திறந்துவிட்டுத்தான் வந்தேன் என்று யோகத்திடம் பொய் சொல்லியிருந்தேன்.

"நான் ஏதும் கதைக்கிறனானோ?" என்று கேட்டேன்.

"'போங்கோ, போங்கோ'ம்பீங்க. அழுகறாப்பல இருக்கும். அதுக எங்கீங்க போகும்? அதுகளுக்கு இதான ஊடு."

யாரும் நம்மைத் துரத்தவில்லை, வீடு மாற வேண்டியதில்லை என்று யோகத்திடம் சொல்ல, அந்தப் பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று கூண்டை நகர்த்தும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த விடிகாலை யாரோ கையைப் பிடிப்பதுபோல் இருக்க, விழித்தேன். கூண்டின் முன் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. பக்கத்தில் யோகம், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில் "போங்கோ, போங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிகள் எங்கள் இருவரையும் பார்த்தன. ஒன்றும் எழும்பவில்லை.