சமையலறை வாசல் டைல்

என் அப்பாவுக்கு வேலையிடத்தில் ரசமட்டம் என்று பெயர், தரை சரிமட்டமா என்று குமிழியால் காட்டும் கருவியின் பெயர். டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. டீக்கடை மேசையில் கிளாஸை வைத்தால்கூட டீ எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்து, "அரை நூல் இறக்கம்" என்று முனகிவிட்டுத்தான் குடிப்பார். முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரைகளில் முட்டி போட்டு, இரண்டு முட்டியும் காய்த்துப் போனவர். எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. எங்கள் வீட்டில் அடித்தது என் தம்பி.

தம்பியைத் துரை என்று கூப்பிடுவோம். வயது பதினேழு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தான். ஐந்து வயதில் ஆட்டிசமும் இருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு வயதில், சில காரியங்களை ஒரே மாதிரி செய்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வந்து சேர்ந்தது. "பிடிவாதம்னு சொல்லாதீங்க, அவனால செய்யாம இருக்க முடியாது" என்றார் டாக்டர். சரி, முடியாது. குறுக்கே கை வைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று டாக்டர் வந்து பார்க்கவில்லை.

நான் சொல்கிறேன். என் இடது காது மடல் இரண்டாகக் கிழிந்து தைத்தது. தோடு அவன் கையோடு போய்விட்டது. அம்மாவின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைப்பதில்லை, அதனால் மீதி முடியையும் ஒட்ட வெட்டியிருக்கிறாள். போன மாதம் அவள் தோள்பட்டை நழுவியது. வீட்டில் டிவி இரும்புக் கம்பிக்குள் இருக்கிறது, கத்திகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. அடித்து ஓய்ந்த பிறகு துரை அடிபட்ட இடத்தைத் தேடி வந்து வாயால் ஊதுவான். அந்த நேரத்தில் அவனை வெறுக்க முடியாது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அவனுக்குச் சட்டங்கள் பல. முக்கியமானவை இரண்டு. முதலாவது, சமையலறை வாசலில் ஒரு டைல். எப்போதோ அப்பா சுத்தியலைத் தவறவிட்டு அது மூன்று துண்டாக விரிசல் விட்டிருந்தது. உள்ளே போகும்போதெல்லாம் துரை வலது கால் கட்டைவிரலால் அந்த விரிசலை மூன்று முறை தடவுவான். பிறகுதான் அடுத்த அடி. நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பான். இரண்டாவது, சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவின் சிமெண்ட் படிந்த ஷூ வாசலில், அவன் செருப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். ஒரு நாள் அப்பா ஓவர்டைம் பார்த்துவிட்டு ஏழரைக்கு வந்தார். அதற்குள் துரை வாசல் கதவை அறைந்து அறைந்து சாத்தியதில் அம்மாவின் சுண்டுவிரல் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. அதன்பிறகு அப்பா ஓவர்டைம் பக்கமே போகவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பத்திலிருந்து நாலு மணிவரை பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்று இருந்தது. ஒரு வருடம் காத்திருந்து முறை வந்தது. அந்த ஆறு மணி நேரம் கிடைத்தால் அம்மா தோளுக்கு வைத்தியம் பார்ப்பாள், தூங்குவாள், உயிரோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: பிள்ளை மற்றவர்களைக் காயப்படுத்துவானா? ஆம் என்றால் இடமில்லை. அப்பா 'இல்லை' என்று எழுதினார். அதைச் சரிபார்க்க மையத்திலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

அவர் வரும் அன்று காலை வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த விரிசல் கண்ணில் பட்டது.

"ஏம்ப்பா, டைல்ஸ் மேஸ்திரி வீட்ல உடைஞ்ச டைலா? அந்தம்மா என்ன நினைப்பாங்க?" என்றேன்.

வாய்தான் எனக்கு எதிரி. ஐந்து வருடமாக அந்த டைலைச் சுற்றி நடந்தவள், அன்றைக்குப் பார்த்து விருந்தாளியின் கண்ணால் பார்த்தேன். அப்பாவும் மேஸ்திரியின் கண்ணால் பார்த்தார். அவருக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கும். அம்மாவும் துரையும் காலை நடைக்குப் போனால் திரும்பி வர நாற்பது நிமிடம். அதற்குள் பழையதைப் பெயர்த்து மூட்டையில் கட்டிக் கீழே குப்பையில் போட்டு, பசை தடவி, புது டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டார். குமிழி நட்டநடுவில் நின்றது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். துரையின் கட்டைவிரல் அப்போது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மேடமும் அம்மாவும் துரையும் ஒரே நேரத்தில் படியேறி வந்தார்கள். மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் ஃபைல், மூக்கு நுனியில் கண்ணாடி. துரை வாசலில் கிடந்த அப்பாவின் ஷூவை நேராக்கினான், தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அம்மா மின்விசிறி சுவிட்சைப் போடக் கையை உயர்த்தினாள். தழும்பை மறைக்கப் போட்டிருந்த முழுக்கைச் சட்டை முழங்கைவரை சரிந்தது.

"கையில என்னம்மா அது?" என்றார் மேடம்.

பல் வரிசை தெளிவாகத் தெரியும் தழும்புகள். ஒன்று இன்னும் காயவில்லை. அம்மா சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டாள்.

"நான்தாங்க" என்றார் அப்பா.

"நீங்களா? கடிச்சீங்களா?"

"ஆமாங்க. கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

ஒரு எறும்பை நசுக்கினால்கூட இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற ஆள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மேடம் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், எதுவும் எழுதவில்லை. அந்த நேரம் துரைக்குத் தாகம் எடுத்தது.

அவன் சமையலறை வாசலில் போய் நின்றான். கட்டைவிரலை நீட்டித் தடவினான். வழவழவென்று இருந்தது. மறுபடி தடவினான். குனிந்து கையால் தடவினான். அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது.

துரை நெற்றியைத் தரையில் மோதினான். முதல் அடியிலேயே சத்தம் கேட்டது, மூன்றாவதில் ரத்தம் வந்தது. அம்மா ஓடிப்போய் அவன் தலைக்கும் தரைக்கும் நடுவில் கையைக் கொடுத்தாள். அவன் அந்தக் கையையே கவ்விக்கொண்டான். விடவில்லை. அவள் கத்தினாள், அவன் அவளை இழுத்துச் சுவரோடு சாத்தினான். நழுவிய அதே தோள் போய் நிலைக்கட்டையில் இடித்தது. நான் அவன் இடுப்பைப் பிடித்தேன். முழங்கை என் மூக்கில் இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் அடியிலிருந்து இடிக்கத் தொடங்கினார், வழக்கம்போல. அம்மாவின் கையிலிருந்து ரத்தம் புது டைலில் சொட்டியது.

அப்போதுதான் அப்பா ரப்பர் சுத்தியலை எடுத்தார். அது வாசல் ஓரத்திலேயே கிடந்தது. துரையின் முதுகில் ஓங்கி அடித்தார். ஈர மூட்டையை அடித்த மாதிரி சத்தம். துரை பல்லை எடுக்கவில்லை. இன்னொரு அடி. இன்னொன்று. நாலாவதற்குக் கை ஓங்கியபோது அம்மா கடிபட்ட கையை அவன் வாயிலேயே விட்டுவிட்டு, மற்றக் கையால் அப்பாவின் கன்னத்தில் அறைந்தாள்.

"எம்புள்ளைய விடுடா!"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அவரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. அவர் திரும்பிப் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார். ஓடிப்போய்விட்டார் என்றே நினைத்தேன். நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

குப்பை மூட்டையோடு திரும்பி வந்தார். முட்டி போட்டு, கொத்துக்கரண்டியால் நெம்பிப் புது டைலைத் தூக்கினார். பசை காயாததால் உடனே வந்துவிட்டது. மூட்டையைக் கொட்டி, பழைய டைலின் துண்டுகளைப் பொறுக்கி வைக்கத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. தலைகீழாக வைத்ததில் மூன்றாவது துண்டு சேரவில்லை. துரை அம்மாவை விட்டான். ரத்தம் வழிகிற நெற்றியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அப்பாவின் கையைத் தட்டிவிட்டான், துண்டைத் திருப்பி அதன் இடத்தில் அமுக்கினான். கச்சிதமாகச் சேர்ந்தது. எழுந்து மூன்று முறை தடவினான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். பிறகு வந்து அம்மாவின் கையில் ஊதினான்.

மேடம் அதுவரை சுவரோடு ஒட்டி, ஃபைலை நெஞ்சில் அணைத்தபடி நின்றிருந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"எழுதிக்கோங்க மேடம். கடிக்கறது எம்புள்ளதான். இவரு சொன்னது பொய்" என்றாள் அம்மா.

"நான் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கேளுங்க" என்றார் மேடம். "பிள்ளை காயப்படுத்துவான்னு எழுதினா இடம் கிடையாது. அது எங்க விதி. வீட்ல அப்பா அடிக்கறாரு, பிள்ளைக்கு ஆபத்துன்னு எழுதினா, திங்கக்கிழமையே இடம் உண்டு. அதுவும் விதிதான். சேத்துட்டா அப்புறம் கடிச்சான்னு சொல்லி வெளிய அனுப்ப முடியாது, அது எங்க பாடு. ஆனா அப்பா ஆறு மாசம் இந்த வீட்ல இருக்கக் கூடாது. பக்கத்துலயே வரக் கூடாது. மீறினா இடம் போயிடும்."

மேடம் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டுல எத எழுத?"

"ரெண்டாவது" என்றார் அப்பா. "மூணு அடி அடிச்சேங்க. நீங்களே பாத்தீங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல."

அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டது, தன் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மேடம் படியிறங்கும்போது என்னிடம் மட்டும், "மஞ்சள் போடாத, அந்தக் கைக்கு ஊசி போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை மைய வண்டி துரையை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா மாற்றுத்துணியும் ரசமட்டமும் ஒரு பையில் எடுத்துக்கொண்டார். பாதி கட்டி நிற்கும் கட்டிடம் ஒன்றில் படுத்துக்கொள்ள இடம் சொல்லியிருந்தார்கள். அம்மா வாசல்வரை வந்தாள். "அன்னிக்கு கை நீட்டிட்டேன்" என்றாள். "நல்ல மட்டமா விழுந்துச்சு" என்று அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். துரையின் செருப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அது எப்போதும் இருக்கும் இடத்தில், இரண்டையும் சேர்த்து வைத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான்.

"ப்பா, கால்ல எதப் போட்டுட்டுப் போவீங்க?" என்றேன்.

"ஆறு மணிக்கு வந்து தேடுவான்மா. ஒரு தடவ மாத்திப் பாத்தாச்சே, போதும்."

வெறுங்காலோடு படியிறங்கிப் போனார். மத்தியானம் அம்மா தூங்கினாள், நாலு மணிவரை. ஆறு மணிக்குத் துரை ஷூவை இழுத்து நேராக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் யாரையும் அடிக்கவில்லை.