முகமில்லாத வயற்காரர்கள்

அமெரிக்காவிலிருக்கும் என் பேத்தி, அங்குள்ள தபாற் கந்தோரொன்றின் சுவரில் தீட்டப்பட்ட அறுவடைச் சித்திரத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். முன்னொரு காலம் தொழில்கள் முடங்கியபோது, வேலையற்ற ஓவியர்களுக்கு அரசாங்கம் கூலி கொடுத்து வரைவித்ததாம். அதைக் கண்டதும், பசையும் வர்ண எண்ணெயும் கலந்து மணத்த எங்களூர்த் தபாற் கந்தோர் என் மூக்கில் வந்து நின்றது.

நான் சிறுவனாயிருந்தபோது ஒரு வறட்சியில், பெயர்ப்பலகை எழுதும், எங்களுக்கு அண்ணன் போன்ற காசிம் காக்காவுக்குப் பிழைப்பு நின்றுபோயிற்று. தபாலதிபர் இரங்கி, சுவரில் வயலறுப்பை வரையச் சொன்னார். பாதி வேலையில், பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார் வந்தார்.

"உசிருள்ளதுக்கு முகம் வைக்கப்படாது காசிம். அழிச்சிரு."

அழித்தால் கூலியில்லை. ஆகவே காக்கா படத்திலிருந்த அத்தனை பேரையும் முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டார். மரைக்கார் சம்மதித்தார்.

படம் பார்க்க வாப்பாவோடு உம்மாவும் வந்தார். எல்லாரும் குனிந்து அறுக்க, மருதமரத்தடியில் ஒருவர் மட்டும் முதுகு காட்டி உறங்கினார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரனில் நீல ஒட்டு.

"இந்த ஒட்டு நான் தெச்சது," என்று உம்மா வாப்பாவைப் பார்த்தார். "வயலுக்குப் போறன் எண்டு இதுக்கா போறீங்க?"

வாப்பா மரைக்காரிடம் ஓடினார்.

"முகமில்லாட்டியும் ஹராம்தான். அழிக்கச் சொல்லுங்க."

"ஏன், படுத்திருக்கிறது நீங்களா?"

"சேச்சே! நானில்ல."

"அப்ப ஒங்களுக்கென்ன நட்டம்? கிடக்கட்டும்."

காக்காவுக்குக் கூலி கிடைத்தது. அன்றுமுதல் தபால் முத்திரை வாங்க வாப்பா என்னையே அனுப்பினார்.

பேத்தியின் படத்தை மீண்டும் பார்த்தேன். அதில் எல்லாருக்கும் முகம் இருக்கிறது. ஒருவர் விடாமல் வேலையும் செய்கிறார்கள். முகத்தோடு வரைந்தால் வேறென்ன செய்வார்கள்!