ரோட்டில் கிடந்த கொள்ளு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட்ட வயதெல்லாம் தாண்டிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரோட்டில் எட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். போக எட்டு, வர எட்டு, தினமும் சைக்கிள்தான். அதே பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐந்து வருஷம் ஜூனியராக ஒருவர் இருந்தார். அரும்பாவூர்க்காரர். பெரம்பலூரில் என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். தலைதீபாவளிக்கு அவருடைய மாமனார் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். என் மாமனார் எனக்குக் கொடுத்தது ஒரு டார்ச் லைட்.

வண்டி வந்த அன்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நானும் போய் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இலையோடு மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அரியலூர் ரோடு அப்போது ஒரு வண்டி போகிற அகலம்தான். ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட வேண்டும். தார் விளிம்பு அரை அடி உயரத்தில் நிற்கும். திரும்ப ஏற வேண்டுமானால் சைக்கிளைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. குச்சி தேடி எடுத்து நோண்டிக்கொண்டு நிற்பேன். பஸ்காரனும் லாரிக்காரனும் இறக்கிவிட்டால், ரோடு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கத்திவிட்டு மறந்துவிடுவேன். இந்த வாத்தியாரின் ஹாரன் மட்டும் முதல் மணி அடிக்கிறவரை காதிலேயே இருக்கும்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தாண்டும்போது வேகத்தைக் குறைப்பார், வணக்கம் சொல்வார். ஆடி மாசத்துச் சாயங்காலம் ஒன்றில் எதிர்க்காற்றில் நான் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மனைவியைக் கேரியரில் உட்காரவைத்து சினிமாவுக்குப் போவேன். சைக்கிளில் டபுள்ஸ் போனால் கேஸ். பஸ் ஸ்டாண்டு முக்கில் போலீஸ்காரர் தலை தெரிந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்போம். அந்தத் தம்பதி மோட்டார் சைக்கிளில் அதே போலீஸ்காரரைத் தாண்டிப் போவார்கள். அவர்களும் இரண்டு பேர்தானே? "அந்தப் பொண்ணுக்குச் சேல மடிப்புகூட கலையல, பாத்தீங்களா" என்றாள் என் மனைவி. குத்திக்காட்டவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அன்றைக்கு என்ன படம் ஓடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பெரம்பலூரில் இருந்த கல்வி அலுவலகத்துக்குப் பள்ளிக்கூடத் தபாலைக் கொண்டுபோகும் வேலை ஏழு வருஷமாக என்னுடையது. அங்கே போனால் உட்காரச் சொல்வார்கள், டீ வரும். வண்டி வந்த பிறகு தலைமையாசிரியர் அவரை அனுப்ப ஆரம்பித்தார். உங்களுக்கு ஒரு நாள் ஆகிறது, அவர் போன சுருக்கில் வந்துவிடுகிறார் என்று என்னிடமே சொன்னார்.

அந்த ரோட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தை, மாசியில் அறுவடையானதும் கொள்ளுச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்க, மணி உதிர்ந்துவிடும். அதையும் களம் என்றுதான் சொல்வார்கள். பெரிய வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு சக்கர வண்டிக்கு அது எமன். மேலே கிடக்கும் கொடி சக்கரத்தைச் சுற்றும், அடியில் உதிர்ந்த மணி டயரை வழுக்கிவிடும். அதனால் களத்தைத் தாண்டி வருகிறவன், எதிரே சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ வந்தால், உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் தாழ்த்திக் காட்டுவான். களம் கிடக்கிறது, மெதுவாகப் போ என்று அர்த்தம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்குக்கூடக் காட்டுவார்கள்.

ஒரு தை மாசம், காலை பத்து மணிக்கு அவர் பள்ளிக்கூடத்திலிருந்து தபாலோடு பெரம்பலூர் போனார். சாயங்காலம் நான் வீட்டுக்குத் திரும்பினேன். காலையில் வெறும் தாராக இருந்த வளைவு ஒன்றில் இப்போது கணுக்கால் புதையக் கொள்ளு கிடந்தது. இறங்கி, உருட்டித் தாண்டி, மறுபடி ஏறினேன். வளைவு கழிந்து கொஞ்ச தூரத்தில் எதிரே அவர் வந்தார். சாயங்காலம்வரை காத்திருந்து கையெழுத்து வாங்கிய காகிதத்தை, பள்ளிக்கூடத்து ஊரிலேயே குடியிருந்த தலைமையாசிரியர் வீட்டில் அன்றைக்கே சேர்க்கும் அவசரம். சட்டைப்பையில் அந்தக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாங்கி வந்திருக்க வேண்டியது. என் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

என் இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. விழட்டும் என்றுதான் நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். முட்டி சிராய்க்கட்டும், அந்த வண்டியில் ஒரு கீறல் விழட்டும்.

சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினேன். வண்டி பள்ளத்தில் கிடந்தது, அவர் கொள்ளுக்குள் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. களத்தில் கொள்ளுச் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா கம்பைப் போட்டுவிட்டு வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்துக் காடுகளிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான சார் நீங்க உருட்டிக்கிட்டுப் போனீங்க. எதுக்க வந்த மனுசனுக்குக் கையக் காட்டலயா?"

அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். கை காட்டாதவன் என்று பெயர் வாங்கினால் அந்தப் பக்கம் வாத்தியாராக மட்டுமல்ல, மனுஷனாகவே நடமாட முடியாது.

கீழே கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "சார் காட்டுனாருங்க. நான்தான் வேகத்துல பாக்காம வந்துட்டேன்."

என் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, தலைமையாசிரியரிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கொடுத்தார். தெருவில், கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் நிற்கவில்லை. நல்லவேளை, நீங்களாவது கையைக் காட்டினீர்களே என்று என் மனைவி சொன்னாள். ஆமாம் என்றேன்.

சில வருஷம் கழித்து நானும் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். வண்டிமேல் இருந்த பொறாமை அதோடு தீர்ந்தது. ஆனால் கால் ஒடிந்து கிடக்கும்போது, ஒடியவிட்டவனைக் காப்பாற்ற அந்த ஆளுக்கு ஒரு பொய் வாயில் வந்ததே, என் வாயில் அது வந்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.