நீல ஓரப் பையில் வந்த மேற்குக் குருவி

என் மனைவி பறவை பிடிக்கிறவள் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பிடித்து, காலில் வளையம் மாட்டி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் குழாயில் எடுத்துவிட்டுப் பறக்கவிடுகிறவள் என்று சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்துவிடுவார்கள். போகட்டும். பதினோரு வருஷமாக ஆராய்ச்சி நிலையத்துக்கு வலை கட்டுவது அவள்தான். பிடித்த குருவியைப் போட்டுவைக்கும் துணிப்பைகளைத் தைப்பது நான். கிழக்குக் குன்றுக்கு நீல ஓரம், மேற்குக் குன்றுக்குச் சிவப்பு ஓரம். அந்தப் பை இந்தக் குன்றுக்கு வராது.

குன்றுகளுக்கு நடுவே ஒரு மைல் வெட்டவெளி. அவர்கள் ஆராய்கிற குருவியோ காட்டுத் தரையின் நிழலை விட்டு வெளியே வராத பயந்தாங்கொள்ளி. எத்தனையோ தலைமுறையாக இரண்டு பக்கமும் கலக்காததால் ரத்தமும் வேறாகிவிட்டது, பாட்டும் வேறாகிவிட்டது. கிழக்கில் கடைசிச் சீட்டி கீழே இறங்கும், மேற்கில் மேலே ஏறும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு ஜீப் சத்தத்துக்கு நடுவிலும் தெரியும்.

போன வருஷம் நிலையத்து டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர்.

"கிழக்குன்னு எழுதின குழாய்ல மேற்கு ரத்தம் இருக்குக்கா. மாத்திட்டீங்க. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். மத்ததை எப்படி நம்புறது?"

மாற்றியது உறுதியானால் அந்த வருஷத்து இருநூற்றுப் பதினான்கு குழாய்களும் குப்பைக்கு, இவளும் வீட்டுக்கு. இவளுக்கு முன்னால் வலை கட்டியவரும் இதே பழியோடுதான் வேலையை விட்டுப் போனார்.

"கையில இருக்கிற குருவி பறந்த பிறகுதான் அடுத்த பையைத் தொடுவேன். எப்படி மாறும்?" என்றாள். அதை நிரூபிக்க டாக்டரம்மா ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒருவேளை பை மாறியிருக்குமோ?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் அவள் திட்டுவது பிறந்த வீட்டு ராகத்தில்தான். அன்றைக்கு முழுக் கச்சேரியும் எனக்குக் கிடைத்தது. பாதியில் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, குழாய் மாறல. குருவியே தாண்டி வந்திருந்தா? நான் வாக்கப்பட்டு வந்தும் என் பேச்சு மாறல. அது பாட்டு மட்டும் மாறியிருக்குமா?"

மறுநாள் விடியும்போதே ஒலிப்பதிவுக் கருவியோடு கிழக்குக் குன்றில் ஏறினோம். பை தூக்க நான். மூன்று நாள் காலையும் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். எல்லாக் குருவியும் இறங்கு சீட்டிதான் அடித்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது, ஆனால் வாயைத் திறக்க நான் என்ன முட்டாளா?

நாலாம் நாள் புதருக்குள் ஒரு சீட்டி மேலே ஏறியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. குருவியின் காலில் மஞ்சள் வளையம், அதன் கீழே பச்சை. இரண்டு மாதத்துக்கு முன்னால், அந்தக் குழாயில் ரத்தம் எடுத்த அன்று, அவள் கையாலேயே மாட்டியது. அத்தனை கிழக்குக் குருவிகளுக்கு நடுவே தன்னந்தனியாக அது மேற்குப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எனக்கே வித்தியாசம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

நிலையத்தில் டாக்டரம்மா அந்தப் பதிவை ஹெட்ஃபோனில் மூன்று முறை கேட்டார். "தாண்டவே தாண்டாதுன்னு எழுதி வச்சிருந்தோம். மன்னிச்சுக்குங்கக்கா. கட்டுரையில உங்க பேரும் வரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேரு வரட்டும். எனக்கு முன்னால இருந்தவர் மாத்திட்டார்னு ஒதுக்கி வச்ச குழாய் இருக்கா?"

டாக்டரம்மா ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "இருக்கு. மூணு."

"அதைத் தப்புக் கணக்குல இருந்து எடுங்க. அப்புறம் அவருக்கு ஃபோன் போட்டு, என்கிட்ட கேட்ட மன்னிப்பை அவர்கிட்டயும் கேளுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."

டாக்டரம்மா கைபேசியில் நம்பரைத் தேடினார். அவரிடம் இல்லை. என் மனைவிக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.