சேவலை இறக்கின கிணறு

நாற்பத்திரண்டு அடிக் கிணறு, நானே கடப்பாரை பிடிச்சு வெட்டினது. கல்லும் முள்ளுமாக் கிடந்த ரெண்டரை ஏக்கரை நெல் விளையற கழனி ஆக்கினது நான். முதல்ல ஓட்டு வீடு கட்டினேன், அப்புறம் அதை இடிச்சுட்டு மாடி வீடு. ரெண்டு பொண்ணுங்களையும் வேலூர்ல காலேஜ் படிக்க வச்சேன். இத்தனையும் செஞ்சவன் மூணாங் கிளாஸோட நின்னவன், ஆம்பூர்ல தோல் பதனிடற ஷாப்புல பதினாலு வருஷம் ஈரத்தோல் தூக்கினவன். எவனும் கை கொடுக்கல. அப்போ என்னைப் பார்த்துச் சிரிச்சவங்க இப்போ பஸ் ஸ்டாண்டுல எனக்கு டீ சொல்றாங்க.

அப்படிப்பட்டவனுக்கு இன்னிக்கு அந்தக் கிணத்துப் பக்கம் தனியாப் போக பயம்.

எங்க பக்கம் நாத்து நட ஆள் கிடையாது. பொண்ணுங்களையெல்லாம் விடியறப்பவே ஷூ கம்பெனி வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போய்டும். அதனால மூணு வருஷமா ஜார்க்கண்ட்ல இருந்து பன்னெண்டு பேர் வர்றாங்க. தங்கறதுக்கு மோட்டார் கொட்டாய் கொடுத்திருக்கேன். வயசான ஆம்பளைங்க அந்தக் கூட்டத்துல இருக்காங்க, ஆனா பேசறது எல்லாம் ஒரு இருபது வயசுப் பொண்ணு. எனக்குத் தோல் ஷாப்புல கத்துக்கிட்ட உருது தெரியும், அவளுக்கு மூணு வருஷத் தமிழ் தெரியும். ரெண்டையும் கலந்து பேசிக்குவோம். என்னை சாச்சான்னு கூப்பிடுவா, சித்தப்பான்னு அர்த்தம். அவங்களுக்குள்ள ஒரு கட்டு உண்டு: ஒருத்தர் ஒரு வேலையை மாட்டேன்னு சொன்னா, பன்னெண்டு பேரும் வரப்புல உக்காந்துடுவாங்க. பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் சேத்துல கால் வைக்க மாட்டாங்க. எனக்கு அது பெரிய பேஜாரா இருந்தது.

போன தடவை நடவு நேரத்துல போர் மோட்டார் எரிஞ்சுபோச்சு. பிடுங்கின நாத்து கட்டுக் கட்டா வரப்புல கிடக்குது, கழனியில தண்ணி இல்ல. ரொம்ப வருஷமா மூடி வச்சிருந்த பழைய கிணத்துல குழாயை விட்டு வேற மோட்டாரை ஓட்டினேன். கொஞ்ச நேரம் தண்ணி வந்தது, அப்புறம் நின்னுபோச்சு. குழாய் வாய்ல சேறு அடைச்சுக்கிச்சு. அது சாதாச் சேறு இல்ல, ஓடை வழியா வந்த தோல் ஷாப்புக் கழிவு வருஷக்கணக்கா ஊறி இறங்கினது. கிணத்தை மூடினதே அதனாலதான். குழாயை மேல இழுத்துச் சுத்தம் பண்ணலாம், ஆனா கழட்டி மாட்ட அரை நாள் ஆகும். தண்ணி மட்டத்துல ஒரு திட்டு இருக்கு. ஒரு ஆள் அதுல இறங்கி நின்னா சுளுவா முடிஞ்சுடும்.

பழைய கிணத்துல இறங்கறதுக்கு முன்னாடி நாங்க அரிக்கேன் விளக்கைக் கயித்துல கட்டி உள்ள விடுவோம். அணைஞ்சா கெட்ட காத்து, எரிஞ்சா இறங்கலாம். நான் அப்படி விளக்கு விட்டு எத்தனையோ கிணத்துல ஆளை இறக்கியிருக்கேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

அன்னிக்கும் விட்டேன். விளக்கு தண்ணி வரைக்கும் போய் எரிஞ்சுக்கிட்டே மேல வந்தது. அதே கூட்டத்துல வந்த அந்தப் பொண்ணோட அண்ணன் இறங்கறதுக்குத் துண்டைத் தலையில கட்டினான். அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம்.

அவ குறுக்க வந்து நின்னா. "வேணாம் சாச்சா. மோட்டார் ஓடினப்போ அழுகின முட்டை வாசனை வந்துச்சு."

"வந்துச்சு, இப்போ இல்லையே? காத்து நல்லா ஆயிடுச்சும்மா."

"வாசனை போகல. நம்ம மூக்குதான் செத்துப்போச்சு. எங்க சித்தப்பாவும் வாசனை நின்னுடுச்சுன்னுதான் ஒரு குழியில இறங்கினார். படுத்தவர் எழுந்திரிக்கல." சொல்லிட்டு அவங்க பாஷையில ஏதோ ஒரு வார்த்தை சொன்னா. அண்ணனைத் தவிர எல்லாரும் வரப்புல உக்காந்துட்டாங்க.

எனக்குத் தலைக்கு மேல கோவம். "நான் இந்தக் கிணத்தை வெட்டறப்போ உங்கப்பனுக்கு மீசையே முளைச்சிருக்காது. நீ எனக்குக் கிணறு காட்டறியா?"

பக்கத்துல நின்ன என் பொண்டாட்டி சும்மா இருப்பாளா? "அவ்ளோ தெரிஞ்சவன் நீயே இறங்கேன்யா!" வரப்புல இருந்தவங்க அரைகுறையாப் புரிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

மானம் போச்சு. அவ அண்ணன் பக்கம் திரும்பினேன். "இன்னாடா, தங்கச்சி முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறியா?" அது அவனுக்கு நல்லாவே புரிஞ்சுது. கிணத்துச் சுவத்து மேல ஏறி, ஒரு காலை உள்ள இருந்த இரும்புப் படியில வச்சுட்டான்.

அவ சத்தம் போடல. என் பொண்டாட்டிகிட்ட, "சாச்சி, ஒரு கோழி கொடுங்க"ன்னா. முட்டை போடுறதைத் தர மாட்டேன்னு இவ சேவலைப் பிடிச்சுக்கிட்டு வந்தா.

"சேவல் உயிரோட வந்தா மறுபேச்சு கூடாது" என்றேன்.

"சரி சாச்சா. வராட்டி?"

சேவலைக் கூடையில வச்சு, மேல வலையைக் கட்டி, நானே இறக்கினேன். கொஞ்ச தூரம் ஒரே இறக்கை அடி, கொக்கரிப்பு. கயிறு என் உள்ளங்கையில துடிச்சுக்கிட்டே இருந்தது. தண்ணி கிட்டப் போனதும் சத்தம் நின்னுபோச்சு. அப்புறம் துடிப்பும் நின்னுபோச்சு.

அண்ணன்காரன் கிணத்தைப் பார்க்கல, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தான். நான் பண்ணின கேலி மனசுல நிக்க, இன்னொரு காலையும் உள்ள வச்சான்.

நான் கயித்தை விட்டுட்டேன். அவன் சட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பின்னாடி இழுத்தேன். ரெண்டு பேரும் மண்ணுல விழுந்தோம். கயித்தை அவதான் பாய்ஞ்சு பிடிச்சு மேல இழுத்தா. சேவல் கண்ணைத் திறந்தபடியே கிடந்தது. விளக்கு பக்கத்துல இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. அந்த விஷக் காத்துல விளக்கு அணையாது, உயிர்தான் போகும்னு அப்போதான் புரிஞ்சுது. அவ்வளவு தைரியமாப் பேசின பொண்ணு, அண்ணன் காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல.

சங்கிலி போட்டுக் குழாயை மேல இழுத்தோம். பன்னெண்டு பேரோட நானும் இழுத்தேன். பாதி நாத்து காஞ்சுபோச்சு, மிச்சத்தை நட்டோம்.

கிணத்துக்கு இப்போ இரும்பு வலை போட்டுப் பூட்டிட்டேன். ஆனாலும் பயம் போகல. இந்த ஊர்ல பொழுதுக்கும் தோல் நாத்தம் அடிக்கும். நாத்தம் அடிச்சா நிம்மதியா இருக்கேன், திடீர்னு நின்னா இருந்த இடத்தை விட்டு எழுந்து ஓடறேன். முன்னாடி நான் இறக்கின ஆளுங்க மூஞ்சி ஒவ்வொண்ணா வருது.

அவ லீவு நாள்ல ஆலங்காயம் பக்கம் வரைக்கும் போய், அவங்க ஜனங்க வேலை செய்யற கழனியெல்லாம் சுத்தி இதைச் சொன்னா. இப்போ அவங்கள்ல யாரும் கிணத்துல இறங்கறதில்ல. "உன்னாலதான்யா ஆளுங்க கெட்டுப்போய்ட்டாங்க"ன்னு கழனிக்காரங்க என் வீட்டு வாசல்ல வந்து கத்தினாங்க. திருப்பத்தூர்ல தொழிலாளர் சங்கத்துக்காரங்க ஒரு கூட்டம் போட்டு அவளுக்குச் சால்வை போத்தினாங்க. நானும் பின்னாடி வரிசையில உக்காந்திருந்தேன். "ஒரு விவசாயி விளக்கை நம்பினார், அப்புறம் ஒரு சேவலை இறக்கிப் பார்த்தோம்"னு என் கதையை ரெண்டு வரியில முடிச்சுட்டா.

வெளிய வந்ததும் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். "சேவல் யாருது? உங்கண்ணனை இழுத்துப் போட்டது யாரு?"

"நீங்கதான் சாச்சா. இறங்கச் சொன்னதும் நீங்கதான். பெரியவர் மானம் போகக்கூடாதுன்னு அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

"எவன் விடச் சொன்னது? அடுத்த கழனியில விளக்கு விடப் போறவன் உன் பேச்சைக் கேக்க மாட்டான். கிணறு வெட்டினவனே ஏமாந்தான்னா கேப்பான். ஆளை இறங்கச் சொன்னது நான், கேலி பண்ணினது நான், இழுத்துப் போட்டதும் நான். இனிமே எங்க பேசினாலும் என் பங்கை முழுசாச் சொல்லு, ஒண்ணு குறையக் கூடாது."